அயர்லாந்தின் பெருநாய்

அயர்லாந்து தேசத்தின் பழைய வீரகாதைகளுள் ஒன்றிலே, செட்டான்டா என்னும் சிறுவன், தன் மாமனாகிய அரசனுக்குக் குலன் என்ற கருமான் அளித்த விருந்துக்கு விளையாட்டு மும்முரத்தில் காலந்தாழ்த்திப் போய்ச் சேருகிறான். விருந்தினர் யாவரும் வந்துவிட்டனர் என்றெண்ணி வாயிற்புறத்தில் அவிழ்த்துவிடப்பட்டிருந்த பேருருவக் காவல்நாய் அவன்மேல் பாய, அவன் தன்னந்தனியாக நின்று அதைக் கொன்றுவிடுகிறான். சபையோர் சிறுவனின் பராக்கிரமத்தைக் கொண்டாடுகின்றனர். கருமானோ, தன் மனையையும் மந்தையையும் காத்துவந்த ஜீவன் போயிற்றே என்று பிரலாபிக்கிறான். அப்போது சிறுவன் முன்வந்து, அதே வம்சத்துக் குட்டி ஒன்று நாட்டில் எங்கேனும் இருக்குமாயின் அதைத் தானே வளர்த்துத் தருவதாகவும், அது வளர்ந்து தந்தையின் ஸ்தானத்தை ஏற்கும் வரையில் அந்த வீட்டுக்கு நாயின் இடத்திலே தானே இருந்து காவல் புரிவதாகவும் வாக்களிக்கிறான். குலனின் நாய் என்று பொருள்படும் கூஹுலின் என்ற பெயர் அன்றுமுதல் அவனுக்கு வாய்த்தது. அந்த இனத்தின் ஒரு குட்டியை வளர்த்து ஆளாக்குவதை அந்நாட்டு மக்கள் ஒரு மகாவீரன் தலைமேற்கொள்ளத் தகுந்த கடமையாக மதித்தனர் என்பதற்கு இதைக்காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் என்று உலகெங்கும் அழைக்கப்படும் அந்த ஓநாய்வேட்டை நாய், தோளளவில் ஆண் 79 சென்டிமீட்டருக்கும் பெண் 71 சென்டிமீட்டருக்கும், எடையில் ஆண் 54.5 கிலோவுக்கும் பெண் 40.5 கிலோவுக்கும் குறையாமலிருக்க வேண்டும் என்பது நாய்வளர்ப்புச் சங்கங்கள் வகுத்த விதி. நடைமுறையிலே 86 சென்டிமீட்டரை எட்டும் ஆண்நாய்கள் உண்டு. அவை பின்கால்களை ஊன்றி நிமிர்ந்தால் நல்ல உயரமுள்ள மனிதரின் தலைக்குமேல் அவற்றின் தலை தெரியும். இத்தகைய ஆகிருதியை இயற்கை ஒருமுறை வழங்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டது என்று நினைப்பது பிழை. தலைமுறைதோறும் யாரோ சிலர் தம் உணவிலும் நிலத்திலும் பொழுதிலும் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி, பிரயாசைப்பட்டுக் காத்ததனாலேயே அது நிலைத்து வந்தது. அந்தச் சிரத்தை தளர்ந்த காலங்களில் நாய் சிறுத்தது, அருகியது, ஒருகட்டத்தில் இல்லாமலே போகும் தறுவாய்க்கும் வந்தது. ஆகவே இந்நாயின் சரித்திரம் என்பது பெரும்பாலும் அதற்குச் சோறிட்டவர்களின் சரித்திரமேயாகும்.

ஆதியில் சோறிட்டவர்கள் அரசர்களும் குறுநிலத் தலைவர்களுமே. மக் டா தோ என்ற தலைவனிடம் இருந்த அற்புதமான வேட்டைநாய் ஒன்றை அல்ஸ்டர் நாட்டரசனும் கன்னாட் நாட்டு அரச தம்பதியரும் ஒரே சமயத்தில் கேட்டு ஆளனுப்பியதையும், விலையாக ஆயிரக்கணக்கான கறவைப்பசுக்கள் பேசப்பட்டதையும், இறுதியில் இரு தரப்பும் போரிட்டு மாய்ந்ததையும் பழைய ஐரிஷ் கதையொன்று விரித்துரைக்கிறது. பசுவே செல்வத்தின் அளவுகோலாக இருந்த சமுதாயத்தில் நாய்க்குப் பசுக்களை விலைகூறியதனாலே அதன் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கடல் கடந்த கீர்த்தியும் அதற்கு இருந்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ரோமாபுரிப் பிரமுகரான சிம்மாக்கஸ், ஃப்ளேவியானஸ் என்பவர் அனுப்பிவைத்த 7 ஐரிஷ் நாய்களுக்கு நன்றி கூறி எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. கேளிக்கை அரங்கிலே அவற்றைக் கண்ட நகரமாந்தர் வியப்பில் ஆழ்ந்து, இரும்புக் கூண்டில் அடைத்தன்றி இவற்றைக் கொண்டுவந்திருக்க முடியாதென்று பேசிக்கொண்டனராம். அத்தனை நீண்ட கடல்வழியிலும் தரைவழியிலும் அந்த ஏழு நாய்களுக்கும் நாள்தோறும் இறைச்சி தேடியளித்து, அவற்றின் பாதங்கள் புண்படாமல் பார்த்துக்கொண்டு, உயிருடன் ரோமாபுரி சேர்த்த பணியாட்கள் யாரென்பதைக் கடிதம் எழுதிய கனவான் பதிவு செய்யவில்லை. என் மனம் அவர்களையே நாடுகிறது.

ஓநாய் வேட்டை அந்நாட்டில் பிரபுக்களின் உல்லாசமாக மட்டும் இருந்ததன்று. காடும் சதுப்பும் மலிந்திருந்த அயர்லாந்தில் ஆட்டுமந்தைக்கும் கன்றுகாலிக்கும் ஓநாய் நிரந்தரமான ஆபத்து. மோப்பம் பிடித்துத் தொடரும் நாய் ஓநாயைக் கிளப்பலாமேயன்றிப் பிடிக்க இயலாது. கண்ணால் கண்ட மாத்திரத்தில் நெடுந்தாவல்களாகத் துரத்தி எட்டும் வேகமும், எட்டியபின் கழுத்தைக் கவ்வி வீழ்த்தும் வலிமையும் ஒருங்கே அமைந்த உடம்பு அதற்கு வேண்டியிருந்தது. வேகத்துக்கு ஒல்லியான இடையும் ஆழ்ந்த மார்பும், வலிமைக்கு நீண்ட எலும்பும் பருத்த கழுத்தும் என ஒன்றோடொன்று எளிதில் இசையாத இரு குணங்களை ஓருடம்பில் சேர்த்துவைத்தது, வேட்டையில் தேறியவற்றை மட்டுமே வம்சவிருத்திக்கு வைத்துக்கொண்ட நாயாட்களின் பல நூற்றாண்டுக்காலத் தேர்ச்சியாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத் தளபதி கிராம்வெல் படைகளின் யுத்தம் அயர்லாந்தைச் சூறையாடியபோது, ஊர்கள் பாழாகிக் குடிகள் சிதறியதனால் ஓநாய்கள் பெருகின. தேசத்தை விட்டு வெளியேறிய ஐரிஷ் பிரமுகர்கள் தம் நாய்களையும் உடன்கொண்டு செல்லத் தலைப்பட்டனர். அயல்நாட்டு அரண்மனைகளுக்கு இந்நாய்கள் அன்பளிப்பாகச் செல்லும் வழக்கமோ முன்பே இருந்தது. இதனால் நாய்கள் குறைந்து ஓநாய்கள் மிகுவதைக் கண்ட ஆட்சியாளர், 1652-ஆம் ஆண்டில் கில்கென்னி நகரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்து, ஓநாய்வேட்டை நாய்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகலாகாது என்று தடுத்தனர். மறுவருஷம் ஓநாய்த் தலைக்கு வெகுமதியும் அறிவிக்கப்பட்டது: பெண் ஓநாய்க்கு 6 பவுன், ஆணுக்கு 5 பவுன், தானே இரைதேடும் பருவத்துக் குட்டிக்கு 40 ஷில்லிங், பால்குடிக் குட்டிக்கு 10 ஷில்லிங். ஒரு நாய்வம்சத்தை ராஜாங்கமே பொக்கிஷமாகப் பாவித்து எல்லை தாண்டாமல் காத்த அபூர்வமான தருணம் அது. ஆனால் அதே ராஜாங்கம் அளித்த வெகுமதி, ஓநாயையும் அதனுடன் நாயின் தொழிலையும் ஒருங்கே முடித்துவைக்கும் காரியத்தைத் தொடங்கிவைத்துவிட்டது. கார்லோ மாவட்டத்தில், லெய்ன்ஸ்டர் மலைச்சாரலிலே, 1786-ஆம் ஆண்டில் வாட்சன் என்பவரின் வேட்டைநாய்கள் வீழ்த்தியதே அயர்லாந்தின் கடைசி ஓநாய் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

வேலை ஒழிந்த பின்னர் நாயின் நிலை விரைவிலேயே நலிந்தது. சாமானியக் குடியானவனால் இத்தனை பெரிய உடம்புக்கு உணவளிக்க ஒருநாளும் முடிந்ததில்லை. முடிந்த பிரபுவுக்கோ இனி அது அலங்காரமேயொழியத் தேவையன்று. அயர்லாந்தில் பிறந்த ஆங்கில இலக்கிய ஆசிரியர் ஆலிவர் கோல்ட்ஸ்மித், 1774-இல் வெளிவந்த தம் பிராணிநூலிலே, தாம் கண்ட ஒரு டஜனுக்குச் சற்று மேற்பட்ட நாய்களுள் மிகப்பெரியது 4 அடி உயரம் இருந்ததாக எழுதினார். அளவை அவர் சற்று மிகைப்படுத்தியிருக்கக்கூடும். ஆனால் அயர்லாந்திலேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் கண்ணில் ஒரு டஜன் நாய்கள் பட்டதே பெருமையாகச் சொல்லத்தக்க செய்தியாகிவிட்டது என்பதுதான் அவ்வரிகளில் எனக்கு வருத்தம் தரும் விஷயம். அடுத்த தலைமுறையில், இதுவே கடைசி நாய் என்று தத்தம் நாயைப் பற்றிப் பலர் பலவிடங்களில் கூறத்தொடங்கினர்.

உண்மையில் முற்றும் அற்றுப்போனதா, அன்றி ஒரு மெல்லிய இழை எஞ்சியதா என்பது பற்றி வளர்ப்போரிடையே நெடுநாள் வாதம் நிகழ்ந்தது. 1840-களில் ரிச்சர்ட்ஸன் என்ற எழுத்தாளர் பழைய ஓநாய்நாயும் ஸ்காட்லாந்தின் மான்வேட்டை நாயும் ஒரே குடும்பம் என்று வாதாடி, அவ்வழியில் தாமே சில நாய்களை விருத்தி செய்தார். கில்ஃபேனில் சர் ஜான் பவரும், பாலிடோபினில் பேக்கரும், ட்ரோமோரில் மஹோனியும் அக்காலத்தில் தத்தம் பண்ணைகளில் இவ்வம்சத்தைச் சேர்ந்தனவாகக் கருதிய நாய்களைப் பேணிவந்தனர். இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, ஏறக்குறைய 10 லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்த மகா பஞ்சம் அந்த 1840-களிலேயே தொடங்கியது. பிரபுவின் கொட்டகையிலே நாய் பிழைத்திருந்ததற்கும், வேலியின் மறுபுறத்துக் குடிசையிலே குழந்தை பிழைக்காமற்போனதற்கும் காரணமான நில உடைமை முறை ஒன்றே. பெருநாயின் அழகைப் போற்றுகிற எவரும், அதற்கிட்ட உணவு எந்த நாட்டில், எந்த நாட்களில் இடப்பட்டது என்பதை மறத்தல் தகாது.

இந்தச் சிறு எச்சங்களிலிருந்து இன்றைய இனத்தை மீட்டெடுத்த கைங்கரியம், இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் டர்ஸ்லி என்னும் ஊரையடுத்து வாழ்ந்த காப்டன் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம் என்பவருடையது. 1862-ஆம் வருஷம் அவர் இம்முயற்சியை மேற்கொண்டார். 1909-இல் மறையும் வரையில் அதை விட்டாரில்லை. கில்ஃபேன், பாலிடோபின் பண்ணைகளின் வழிவந்தனவென்று சொல்லப்பட்ட நாய்களைத் தேடி வாங்கினார். அவை நலிந்து, குட்டி ஈனும் சக்தியும் குன்றியிருந்தன. ஆதலால் ஸ்காட்டிஷ் மான்வேட்டை நாயின் இரத்தத்தைத் தாராளமாகவும், உயரமும் எலும்பும் கூடும்பொருட்டு கிரேட் டேன் இனத்தை ஓரளவும், பின்னர் ரஷ்ய நாட்டு போர்சோயையும், திபெத்திலிருந்து வந்த பெருநாய் ஒன்றையும் கலந்தார். ஒவ்வோர் ஈற்றிலும் வேண்டிய லட்சணம் ஒன்றிரண்டு குட்டிகளில் தோன்றும். தோன்றியது பெரும்பாலும் வளருமுன்னே நோயில் போய்விடும். கலப்பினால் உயரம் வந்தால் வேகம் குறையும். வேகத்தைத் திருப்பிக்கொணர்ந்தால் எலும்பு மெலியும். இத்தனைக்கிடையிலும் அவர் சளைக்காமல் நூற்றுக்கணக்கான நாய்களின் வம்சாவளியைக் கைப்பட எழுதிவைத்தார். 1879-இல் டப்ளின் கண்காட்சியில் இவ்வினத்துக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1885-இல் சங்கம் நிறுவப்பட்டு, ஆண்நாய் சராசரி 32 முதல் 34 அங்குல உயரம் நிற்கும் ஒரு வம்சத்தை நிலைநாட்டுவதே நோக்கம் என்று இலட்சண விதியும் எழுதப்பெற்றது. ஜெஸ்யூட் துறவியான எட்மண்ட் ஹோகன் 1897-இல் வெளியிட்ட நூல், பழைய ஏடுகளினின்று சான்றுகளைத் திரட்டி இம்முயற்சிக்குச் சரித்திர பலம் அளித்தது.

இது மீட்பன்று, புதுப்படைப்பே என்று ஆட்சேபித்தவர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அவ்வாட்சேபம் பாதி உண்மை. ஆனால் கிரஹாமின் பெருமையை அது குறைப்பதில்லை. பழைய நாயாட்களும் தமக்குக் கிடைத்தவற்றுள் தேர்ந்து, கலந்து, கழித்தே அந்த உடம்பை உருவாக்கியிருக்க வேண்டும். அவர்கள் பல நூற்றாண்டுகளில் செய்ததை இவர் ஓர் ஆயுட்காலத்தில், ஏட்டில் கணக்கு வைத்துச் செய்தார்.

இனி, இத்தகைய நாயோடு வாழ்தல் எத்தன்மைத்து என்பதையும் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஏனெனில் சரித்திரத்தின் பளு முழுவதும் இறுதியில் வந்து விழுவது வீட்டிலே குட்டியை வளர்ப்பவர் தோளில்தான். பிறக்கும்போது அரைக்கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள குட்டி, ஓராண்டு நிறைவதற்குள் 50 கிலோவைத் தொடுகிறது. இந்த வேகம் எலும்புக்கும் மூட்டுக்கும் பெருஞ்சோதனை. மிகுதியாக ஊட்டிப் பருக்கவைத்தால் மூட்டுகள் திருகும். சுண்ணாம்புச் சத்தை மருந்தாக அள்ளிக்கொடுத்தால் எலும்பு கோணும். பட்டினியாக விட்டாலோ உயரம் குன்றும். ஆகவே கொழுக்கவும் விடாமல் இளைக்கவும் விடாமல் சீராக வளர்க்கும் பக்குவம் வேண்டும். மாடிப்படி ஏறி இறங்குதல், வழுக்கும் தரையில் ஓடுதல், கயிற்றில் கட்டி நெடுந்தூரம் நடத்தல் யாவும் குட்டிப்பருவத்தில் விலக்கு. வேலியடைத்த புல்வெளியில் தானாக ஓடிக் களைத்துத் தானாகப் படுக்கும் சுதந்திரமே அதற்கேற்ற பயிற்சி. முழு வளர்ச்சிக்கு இரண்டு வருஷங்களாவது ஆகும். வளர்ந்தபின் வெறுந்தரையில் படுக்கவிட்டால் அதன் பாரத்தாலேயே முழங்கை காய்த்து நீர்கோத்துக்கொள்ளும். தடித்த படுக்கை வேண்டும். ஒரே வேளையில் வயிறுமுட்டத் தின்றுவிட்டுத் துள்ளியோடினால் இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும் அபாயம் இப்பேருடல் நாய்களுக்கு அதிகம். சில மணிநேரத்தில் அறுவைச் சிகிச்சை கிடைக்காவிடில் மரணமே. ஆதலின் உணவை இரண்டு மூன்று வேளைகளாகப் பகிர்ந்து, உண்டபின் ஓய்வு கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். கொழுப்பு குறைந்த மேனியாதலால் மயக்கமருந்தின் அளவையும், பிற நாய்களைப்போல எடையை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், விஷயமறிந்த வைத்தியர் தனியே கணிக்கவேண்டியிருக்கிறது.

இந்த ஞானமெல்லாம் எளிதில் சேர்ந்ததன்று. நாய்களின் டிஸ்டெம்பர் நோய் ஒருமுறை கொட்டகைக்குள் நுழைந்தால் ஓர் ஈற்றுக் குட்டிகளை முழுவதுமாகக் கொண்டுபோகும் நிலை, 1920-களில் லண்டனையடுத்த மில்ஹில் ஆய்வுக்கூடத்தில் லெய்ட்லா, டன்கின் என்ற ஆராய்ச்சியாளர்கள் தடுப்பூசி கண்ட பின்னரே மாறத்தொடங்கியது. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு நேர, பெருநாய் வளர்ப்போர் பலர் தம் நாய்களைக் குறைக்கவோ கைவிடவோ நேர்ந்தது. இரண்டாம் யுத்தத்துக்குப்பின் எஞ்சிய நாய்கள் யாவும் நெருங்கிய உறவினவாகிப்போகவே, அமெரிக்காவிலிருந்து ரோரி ஆஃப் கிஹோன் என்ற நாய் தருவிக்கப்பட்டு இரத்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் வம்சம் அறாமல் காத்தவர்களுள் ஃப்ளாரன்ஸ் நேகல் என்ற பெண்மணியை விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். முதல் யுத்தத்துக்குச் சற்று முன்பு தொடங்கிப் பல பதிற்றாண்டுகள் அவர் நடத்திய சல்ஹாம்ஸ்டெட் நாய்ப்பண்ணையிலிருந்து வந்த மெர்மன் என்ற நாய், 1960-இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் எல்லா இனங்களையும் வென்று முதற்பரிசு பெற்றது. பந்தயக் குதிரைகளுக்குப் பெண்கள் பயிற்சியாளராக உரிமம் பெறலாகாதென்ற வழக்கத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்று, 1966-இல் அவ்வுரிமையை ஈட்டியவரும் இவரே.

இவ்வளவு பாடுபட்டு வளர்க்கப்படும் நாயின் ஆயுள் சராசரியாக 7 ஆண்டுகளை ஒட்டியதே என்பது இதை வளர்ப்போர் அனைவரும் அறிந்து ஏற்றுக்கொள்ளும் துயரம். இதயத்தசை விரிந்து தளர்ந்துபோகும் வியாதியும், நீண்ட கால் எலும்புகளில் தோன்றும் புற்றுநோயும் இவ்வினத்தை மிகுதியாகத் தாக்குகின்றன. பொறுப்புள்ள வளர்ப்பாளர் ஆண்டுதோறும் இதயத்தைப் பரிசோதித்தும், குட்டிகளின் ஈரலில் இரத்தவோட்டம் முறைப்படி அமைந்துள்ளதா என்பதைச் சோதித்தறிந்தும், அதன்பின்னரே குட்டியைப் பிறர் கையில் கொடுக்கின்றனர். உயரத்தையே குறியாகக் கொண்டு ஆயுளைப் பின்தள்ளிய தலைமுறைகளின் கடனை இன்றைய நாய்கள் தீர்த்துக்கொண்டிருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. கிரஹாம் உயரத்துக்காகச் செலவிட்ட அதே பொறுமையை இனி வருபவர்கள் இதயத்துக்காகச் செலவிட வேண்டும்.

ஓநாயைக் கிழித்த வம்சமாயினும் வீட்டில் இதன் சுபாவம் சாந்தமானது. அந்நியர்மேல் பாயும் காவல் புத்தி இதற்கு அதிகமில்லை. ஓடும் முயலைக் கண்டால் மட்டும் பழைய இரத்தம் விழித்துக்கொள்ளும். இதன் விசுவாசத்தைப் பற்றி வேல்ஸ் நாட்டில் ஒரு கதை நிலவுகிறது. லுவெலின் இளவரசன் வேட்டை முடித்து வந்தபோது, தொட்டில் கவிழ்ந்துகிடக்க, கெலர்ட் என்ற நாய் வாயில் இரத்தம் ஒழுக எதிர்கொண்டதென்றும், குழந்தையைக் கொன்றதென எண்ணி அதை வெட்டிவீழ்த்திய பின்னர், தொட்டிலடியில் குழந்தை நலமாயிருப்பதையும் அருகே ஓநாய் செத்துக்கிடப்பதையும் கண்டானென்றும் கூறுவர். பெத்கெலர்ட் என்னும் ஊரிலே அந்நாயின் சமாதியென்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி உள்ளூர் விடுதிக்காரர் அமைத்த சமாதி. இக்கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம். பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியைப் பார்ப்பனி ஒருத்தி ஆராயாமல் கொன்ற கதை பஞ்சதந்திரத்தில் உள்ளது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலே, அவ்வாறு கீரியைக் கொன்று கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருளளித்துப் பாவம் போக்கி, கணவனையும் கூட்டிவைத்தவன் கோவலன் என்று மாடலன் என்னும் மறையோன் புகழ்கிறான். பாரதத்துக் கீரி பாரசீகம், அரபுநாடுகள் வழியாக மேற்கே சென்று, பிரான்சில் வேட்டைநாயாகி, வேல்ஸில் ஓநாய்நாயாகியது என்பதை ஜோசப் ஜேகப்ஸ் முதலிய கதையாராய்ச்சியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினர்.

இந்நாய்க்குச் சோறிடும் பொறுப்பு பிற்காலத்தில் சேனையையும் வந்தடைந்தது. பிரிட்டிஷ் சேனையின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவுக்கு, ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் சங்கத்தார் 1902-இல் பிரையன் போரு என்ற நாயைப் பரிசளித்தனர். முரசடிக்கும் சிறுவன் ஒருவனிடம் அது ஒப்படைக்கப்பட்டது. அன்றுமுதல் நாய்கள் மாறினாலும், படையின் முரசடிப்போருள் ஒருவரே அதை நடத்திச்செல்லும் முறை தொடர்ந்து வருகிறது. அணிவகுப்பின் முன்னணியில் நடந்துவந்த படைப்பிரிவின் நாய் 1961-இல்தான் சேனையின் சின்னங்களாக அங்கீகரிக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பயனாக அதற்கு ராணுவ மிருகவைத்தியரின் சிகிச்சையும், தங்குமிடமும், சர்க்கார் செலவில் உணவும் உரிமையாயின.